பெரிசா, சின்னதா?

கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளை எல்லாம் உரித்து எடுத்த பிறகு, அக்கா அந்த வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் போன வாரம் மருமகள் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். அன்றிலிருந்து அவள் மனசு ஒரு நிலையில் இல்லை.

அக்கா என்றால் மருமகளுக்குக் கூடப் பிறந்தவள் இல்லை, கணவனின் அக்கா. முறை பார்த்தால் நாத்தனார். ஆனால் லிஃப்ட் பராமரிக்கிற அந்த ஆபீஸில் மெக்கானிக்குகளுக்கும் அவள் அக்காதான், வாடிக்கையாளர்களுக்கும் அக்காதான். தப்பான நம்பரைப் போட்டுவிட்டவர்கள்கூட இரண்டு நிமிஷம் பேசினால் அக்கா என்று ஆரம்பித்துவிடுவார்கள். புதிதாக வந்த மருமகள் மட்டும் முறை பார்த்துக்கொண்டு தனியாக நிற்க முடியுமா? அவளும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

மாடியில் வீடு, கீழே ஆபீஸ். மாமனார் முதலாளி. கணவன் மெக்கானிக்குகளைக் கட்டி மேய்க்கிறவன். அக்காவுக்கு டெலிபோன். எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு உதவி பொத்தானை அழுத்தினாலும் அக்காவின் மேசையில்தான் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேருகிறவரை உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது அவள் வேலை. அதற்குத்தான் அந்தச் சீட்டுகள். எந்த லிஃப்ட், அடிக்கடி என்ன கோளாறு, உள்ளே மாட்டிக்கொள்கிறவர் எப்படிப்பட்ட ஆசாமி, எதைப் பற்றிப் பேசினால் அடங்குவார் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பாள். ஆசாமியின் பேர் மட்டும் இருக்காது. 'கதவை உதைக்கிறவர்', 'ஒன்பதாம் மாடி அழுமூஞ்சி', 'சும்மா கூப்பிடுகிறவர்' என்று அவள் வைத்த பட்டப்பேர்தான் மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். உண்மைப் பேர் அவள் தலைக்குள் இருந்தது.

அந்தத் தலை ஒருநாள் பல் டாக்டரிடம் போயிருந்த சமயம் பார்த்து வந்தது வினை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு கல்லூரிப் பெண் அழுதுகொண்டே கிடக்க, எந்தச் சீட்டு என்று தெரியாமல் கணவன் சுவரை வெறித்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும் என்று மாமனார் அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவள் ஆயிற்றே என்று, எந்த சாஃப்ட்வேர் வாங்குவது என்கிற பொறுப்பை மருமகள் தலையில் கட்டினார்கள்.

அலசிப் பார்த்ததில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு. அவற்றின் பேர் யார் வாயிலும் நுழையாததால் வீட்டில் பெரிசு, சின்னது என்று ஆகிவிட்டது.

சின்னது வெறும் வெள்ளைத் தாள் மாதிரி. எழுதலாம், தேடலாம், அவ்வளவுதான். எழுதினவருக்குத்தான் எதை எப்படித் தேடுவது என்று புரியும். பெரிசு அப்படி இல்லை. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை, அட்டைக்குள் ஏகப்பட்ட கட்டங்கள். டெலிபோன் அடித்தால் கூப்பிடுகிறவரின் அட்டை தானாகவே திரையில் வந்து நிற்கும். மெக்கானிக்குகள் தங்கள் மொபைலிலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய கம்ப்யூட்டர் என்பதால் திறப்பதற்குள் கொஞ்சம் மூச்சு வாங்கும், அது ஒன்றுதான் குறை. இரண்டையும் இலவசமாக வைத்துப் பார்க்கக் கொடுத்த கெடு இன்று சாயங்காலத்தோடு முடிகிறது.

மருமகள் சீட்டுகளைப் பெரிசில்தான் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடை, தண்ணீர் கேன்காரர், பல் டாக்டர் என்று ஒன்றுகூட விடவில்லை. ஆனால் அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு, வாங்குவது சின்னதுதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். பெரிசு வந்தால் அந்த நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அப்புறம் அக்கா எதற்கு? டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா படுத்த படுக்கையானபோது நாலு நாளைக்கு என்று உட்கார்ந்தவள். அம்மா போன பிறகும் எழுந்திருக்கவில்லை. வரன்கள் வந்தபோதெல்லாம் 'டெலிபோனை யார் பார்ப்பது' என்று மாமனார் விளையாட்டாகக் கேட்டே காலம் ஓடிவிட்டது. அவளிடம் மிச்சம் இருப்பது அந்த நாற்காலி ஒன்றுதான், அதையும் ஒரு சாஃப்ட்வேரை வைத்துப் பிடுங்குகிற பாவம் நமக்கு வேண்டாம் என்று மருமகள் நினைத்தாள். நல்ல மனசுதான். ஆனால் ஒரு வார்த்தை அக்காவிடமே கேட்டிருக்கலாம்.

காலையில் ஆபீஸ் திறந்ததுமே டெலிபோன் விடாமல் அடித்தது. முதலில் கூப்பிட்டவர் ரொம்ப மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். தன் மொபைலுக்கு ஒரு தகவல் வந்திருப்பதாகவும் அதைப் படித்துக் காட்டுவதாகவும் சொன்னார்.

"மதிப்பிற்குரிய கதவை உதைக்கிறவர் அவர்களுக்கு, தங்கள் லிஃப்டின் மாதாந்திரச் சோதனை நாளை நடைபெறும். இது யாரைச் சொல்றீங்க அக்கா, என்னைத்தானா?"

அக்கா டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு மருமகளைப் பார்த்தாள். மருமகளுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. சோதனை நாள் நெருங்கினால் பெரிசு வாடிக்கையாளர்களுக்குத் தானாகவே தகவல் அனுப்பிவிடும். அதை நிறுத்தி வைக்க அவள் மறந்துபோயிருந்தாள். அதோடு, பேர் என்ற கட்டத்தில் அப்போதைக்கு அக்காவின் பட்டப்பேர்களைப் போட்டுவைத்து, உண்மைப் பேரை அப்புறம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

அடுத்து அழுமூஞ்சி கூப்பிட்டார், அழவில்லை, கோபமாக இருந்தார். சும்மா கூப்பிடுகிறவர் கூப்பிட்டு, இந்தத் தடவை தான் சும்மா கூப்பிடவில்லை என்று சொன்னார். அக்கா ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள், கொஞ்சம் சிரிக்க வைத்தாள், இன்னும் கொஞ்சம் மன்னிப்புக் கேட்டாள். யாரிடமும் மருமகளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிற ஒருவரைத்தான் அக்காவால் சிரிக்க வைக்க முடியவில்லை. 'இருட்டுக்குப் பயப்படுகிற பயில்வான்' என்று வந்த தகவலை அவருடைய வேலையாட்கள் எல்லாரும் படித்துவிட்டார்களாம். அவர் கத்தவில்லை. மின்சாரம் போய் மாட்டிக்கொண்ட அன்று நான் அழுதது வெளியில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பியிருந்தேன் அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அக்காவும் ரிசீவரை வைத்தாள். பிறகு மருமகளிடம், சாயங்காலத்துக்குள் நேரில் போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன், நீ அதை நினைத்துக் குமையாதே என்றாள்.

விஷயம் மாமனார் காதுக்குப் போகாமல் இருக்குமா? மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டபோதே மெக்கானிக்குகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டார்கள். தப்பு என்னுடையது மாமா என்று மருமகள் முந்திக்கொண்டாள். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. மெஷினுக்கு ஏது மனுஷ மனசு, மானம் கப்பலேறினது போதும், அந்தப் பெரிசை இன்றோடு தலைமுழுகு, சின்னதே வாங்கு என்றார். கடைசியில் மகளைக் காட்டிப் பெருமையாக ஒன்று சொன்னார்.

"சாஃப்ட்வேர் என்ன சாஃப்ட்வேர். என் பொண்ணு இருக்கிற வரைக்கும் இந்த ஆபீஸுக்கு வேற எதுவும் தேவையில்ல."

கணவனும் ஆமாம் போட்டான். மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காரியத்தைக் கெடுத்தாலும் காரியம் தான் நினைத்தபடியே முடிந்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம்கூட வந்தது. அக்காவிடம் அதைச் சொல்லலாம் என்று திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது.

அக்கா பின்னால் உதிரிபாகங்கள் அடுக்கியிருந்த அறையில், இரும்புக் கயிறு சுற்றிய மரச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். எதையோ மென்று தீர்க்கிற மாதிரி வேகம் வேகமாகத் தின்றாள். மருமகள் பக்கத்தில் போய் நின்று, கவலையை விடுங்கள் அக்கா, சின்னதுதான் வாங்கப் போகிறேன், காலையில் நடந்தது நடக்காவிட்டாலும் அதைத்தான் வாங்குவதாக இருந்தேன், உங்கள் நாற்காலியை யாரும் தொட மாட்டார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

அக்கா மெல்லுவதை நிறுத்தினாள்.

"நீயும் என்னைக் கட்டிப் போடறியேம்மா."

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு வெறும் சுவரைப் பார்த்து நீங்கள் அழுததை நான் பார்த்தேனே என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"அது சந்தோஷத்துல. சுவர் காலியானதைப் பார்த்ததும், இனிமே நானும் எழுந்து போகலாம்னு முதல் தடவையாத் தோணிச்சு. எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்லம்மா. முப்பத்திரண்டும் கல்லு மாதிரி இருக்கு."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. ஒருமுறை தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை அறுத்து ஆளை மீட்க வேண்டியிருந்தது. அதுவரை உள்ளே இருந்தவரிடம் அக்கா பேசிக்கொண்டிருந்ததைக் கூட இருந்து கேட்ட ஒரு அதிகாரி, இந்தக் குரல் இருக்க வேண்டிய இடம் வேறு என்று ஒரு நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். வேறு ஊரில் அவசர உதவி அழைப்பு மையம். விபத்து, தீ, நெஞ்சுவலி என்று கூப்பிடுகிறவர்களிடம் ஆம்புலன்ஸ் போகிறவரை பேச வேண்டும், புதிதாகச் சேருகிறவர்களுக்கும் அதைப் பழக்க வேண்டும். பல் டாக்டர், பல் டாக்டர் என்று அக்கா போய்வந்ததெல்லாம் அங்கேதான். வேலை கிடைத்துவிட்டது. இந்த வாரத்துக்குள் முடிவு கேட்டுக் கூப்பிடுவார்கள்.

முதலிலேயே மாமாவிடம் சொல்லியிருக்கலாமே என்று மருமகள் கேட்டாள். அக்கா பிஸ்கட் பொட்டலத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்பா சத்தம் போட்டா நான் போயிடுவேன். சத்தம் போட மாட்டார். போகாதேம்மான்னு ஒரு வார்த்தை மெதுவாச் சொல்லுவார். நான் நின்னுடுவேன். அதான், நான் இல்லாம இந்த ஆபீஸ் ஒரு வாரம் ஓடட்டும், அதை அவர் கண்ணால பார்க்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்கு எனக்குப் பெரிசு வேணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

மருமகளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இத்தனை நாளாக இவளுக்காக உருகினோமே, இவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறையாவது கேட்டோமா? அப்பா பெருமையால் கட்டினார், தம்பி பாசத்தால் கட்டினான், நாமும் வந்து பரிதாபத்தால் ஒரு முடிச்சுப் போடப் பார்த்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாங்க அக்கா, வேலை இருக்கிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தானாகத் தகவல் அனுப்புகிற வேலையை முதலில் நிறுத்தினாள். அப்புறம் அக்கா தன் தலைக்குள் இருந்த உண்மைப் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வாடிக்கையாளர்களின் அட்டைகளில் மருமகள் மாற்றி அடித்தாள். பட்டப்பேர்களுக்கும் எப்படிப் பேச வேண்டும் என்கிற குறிப்புகளுக்கும் தனியாக ஒரு கட்டம் போட்டு, அதை டெலிபோன் மேசையில் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி பூட்டினாள். நடுநடுவே மணி அடித்தது. அட்டை தானாக வந்து நின்றது. சில அழைப்புகளை அக்கா எடுக்காமல் மருமகளை எடுக்கவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். குரலைக் கொஞ்சம் இறக்கு, கேள்வி கேட்டுவிட்டு அவரைப் பேச விடு என்று மட்டும் சொன்னாள்.

இடையில் அக்கா பயில்வானையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவரை அவருடைய ஆட்களுக்கு நடுவிலேயே நிற்க வைத்து, அன்று இருட்டில் உங்களோடு மாட்டிக்கொண்ட இரண்டு குழந்தைகளுக்கு விடாமல் கதை சொன்னது யார் என்று கேட்டாளாம். அவர் காபி வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

சாயங்காலம் மெக்கானிக்குகள் போன பிறகு மாமனார் கீழே இறங்கி வந்தார். சின்னதை வாங்கியாயிற்றா என்று மருமகளிடம் கேட்டார். கணவன் ஆபீஸ் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தான். அக்கா சுவரோரத்து ஸ்டூலில் இருந்தாள்.

"இல்ல மாமா. பெரிசைத்தான் வாங்கணும்."

காலையில் பட்டது போதாதா என்று அவர் கேட்டார். என்னென்ன மாற்றியிருக்கிறோம் என்று மருமகள் திரையில் காட்டி விளக்கினாள். இனிமேல் இன்னார் இருக்கிறார், இன்னார் இல்லை என்கிற பிரச்சினையே வராது, யார் உட்கார்ந்தாலும் பதில் சொல்லலாம் என்றாள். அந்த வார்த்தையில்தான் கணவன் திரும்பினான்.

"யார் வேணா உக்காரலாம்னா, அப்ப அக்கா எதுக்கு? அதைத்தானே சுத்தி வளைச்சுச் சொல்ற?"

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஒரே ஒரு வாக்கியத்தில் அவன் வாயை அடைத்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்ட அந்த வாக்கியத்தை மருமகள் மென்று முழுங்கினாள். வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் நாத்தனாரைக் கிளப்பப் பார்த்தவள் என்கிற பேர் இந்த வீட்டில் இனி எத்தனை நாளைக்குத் தன் தலையில் உட்கார்ந்திருக்குமோ என்று தோன்றியது. இருக்கட்டும் என்றும் தோன்றியது.

மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம்.

"உன்னை நான் அப்படி நினைக்கலம்மா" என்றார்.

அப்போது டெலிபோன் அடித்தது.

மாமனாரும் கணவனும் பழக்க தோஷத்தில் அக்காவைத்தான் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த மணி மூன்றாவது முறை அடிக்க அவள் விட்டதில்லை. இப்போது அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். மூன்றாவது முறையும் அடித்தது. மருமகள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் ரிசீவர் பக்கம் கையை நீட்டுவதற்குள், கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, பெரிசு ஒரு அட்டையைத் திரைக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. வாடிக்கையாளர் இல்லை என்பதால் மத்தியானம் யாரும் திருத்தாமல் விட்ட அட்டை அது. கொட்டை எழுத்தில் அக்கா வைத்த பேர் அப்படியே இருந்தது.

பல் டாக்டர்.

மருமகளின் கை பாதியில் நின்றது. மாமனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். இந்த மெஷினுக்குக் கொஞ்சம் புத்தி இருக்கிறது போலிருக்கிறதே என்று சொல்லிக்கொண்டு கிட்டே வந்தார். எத்தனை தடவைதான் என் பெண்ணை அலைக்கழிப்பார், அந்தப் பல்லை ஒரேயடியாகப் பிடுங்கிவிடச் சொல்லி நானே பேசுகிறேன் என்று ரிசீவரின் மேல் கையை வைத்தார்.

மருமகள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள் என்று கண்ணாலேயே சொன்னாள். அக்கா அவளைப் பார்த்தாள், ஜன்னலோரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தாள். ஸ்டூலை விட்டு எழுந்தாள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே இறங்கின குரலில் சொன்னாள்.

"அப்பா, அது பல் டாக்டர் இல்ல."